புதன்கிழமை லொறி

கொழும்பு
10.06.2009

அன்பு நிருஷா,

நான் சுகம். கடைச் சாப்பாட்டைத் தவிர என் உடம்புக்கு வேறு எதிரி இல்லை. உன்னையும் மகள் கம்சாயினியையும் மாமாங்கேஸ்வரர் குறையில்லாமல் வைத்திருப்பார் என்று நம்பித்தான் பேனையை எடுக்கிறேன். போனில் பேசினால் ‘சுகமா, சுகம்’ என்பதோடு போன் காட் காசு முடிந்துவிடுகிறது. வேலை செய்யும் கந்தோரில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டும் நிற்கிறார்கள். அதனால் வழக்கம்போல நம் லொறிச் சாரதி உசனார் காக்காவிடமே இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நேற்று மர்சூக் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். முதலாளி கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னால் விசயம் பெரிதென்று அர்த்தம்.

“உதயன், மட்டக்களப்புக்கு மாவும் சீனியும் சவுக்காரமும் ஏத்தி அனுப்புறன். அதுக்குக் கூலி குடுக்கிறன், சரி. திரும்பி வரக்குள்ள லொறிக்குள்ள என்ன வருது?”

“ஒண்டும் இல்ல ஹாஜியார்.”

“காத்து வருது. அந்தக் காத்துக்கும் நான்தான் கூலி குடுக்கிறன்.”

அவர் சொல்வதில் பிழையில்லை. சண்டை முடிந்து பாதை திறக்கத் தொடங்கியதும் எல்லாக் கம்பனிகளும் கிழக்குக்குச் சாமான் அனுப்பப் போட்டி போடுகின்றன. போகும் கூலியையும் வரும் கூலியையும் மா மூட்டையின் தலையிலேயே ஏற்றினால் நம் மாவை எந்தக் கடைக்காரன் வாங்குவான்? தை மாதம், அதாவது ஜனவரி முடியும்வரை எனக்குத் தவணை தந்திருக்கிறார். அதற்குள் திரும்பும் லொறியில் சரக்கு ஏற்றி, மொத்தக் கூலியில் பாதியையாவது மீட்டுக் காட்டினால் மட்டக்களப்பில் ஒரு கிளை திறப்பாராம். கிளைக்கு மனேஜர் வேண்டும். இந்தக் கந்தோரில் மட்டக்களப்பான் நான் ஒருவன்தான். மீட்காவிட்டால் மட்டக்களப்பு லொறியை நிறுத்திவிட்டு என்னைத் தெற்கே ஹம்பாந்தோட்டைக்கு அனுப்புவாராம்.

சுனாமி நம் சின்ன லொறியைத் தூக்கி வாவிக்குள் போட்ட நாளிலிருந்து நான் ஊருக்கு விருந்தாளிதான். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் நிருஷா. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நம் சாமான் இறங்கும் கல்லடி ஸ்டோரின் பூட்டும் திறப்பும் உன்னிடம்தானே இருக்கின்றன. நீ தினமும் வியாபாரிகளைப் பார்க்கிறாய். திரும்பும் லொறியில் என்ன ஏற்றலாம் என்று விசாரித்துப் பார். உடம்பைக் கவனித்துக்கொள்.

உன்
உதயரூபன்


கல்லடி
18.06.2009

அன்பின் மச்சானுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். கம்சாயினிக்குக் கொஞ்சம் தடிமனும் மூக்கொழுகலும், ஆனால் அவளுடைய வாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை. தெருவால் எந்த லொறி போனாலும் “அப்பாட லொறி” என்று ஓடுகிறாள். நேற்று குப்பை லொறிக்கும் கை காட்டினாள். உங்கள் மரியாதை இந்த நிலையில் இருக்கிறது.

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஹம்பாந்தோட்டை என்ற சொல் வரும் இடத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு வாசித்தேன். நீங்கள் போக மாட்டீர்கள். போக விட மாட்டேன்.

அடுத்த நாளே கடற்கரை வாடிக்குப் போய்க் கருவாட்டுக்காரர்களிடம் பேசினேன். அவர்களுக்குக் கொழும்பில் வாங்க ஆள் இருக்கிறது, அனுப்பத்தான் லொறி இல்லை. இந்தப் பக்கத்தில் எனக்கு லொறி இருக்கிறது, ஏற்றத்தான் சாமான் இல்லை. இவ்வளவு காலமும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் போய்வந்திருக்கிறோம். லொறி நிறைய ஏற்றிவிட்டேன். உசனார் காக்காவுக்குத்தான் மனமில்லை.

“தங்கச்சி, ஓட்டமாவடி தாண்டுமட்டும் மூக்கப் பொத்திக்கிட்டா நான் ஸ்ரேரிங் புடிக்கிற?”

“கண்ணாடியத் திறந்து வெச்சிக்கிட்டுப் போங்க காக்கா. மறுகா பழகிரும்.”

இந்தக் கடிதமும் கருவாட்டோடுதான் வருகிறது. மணந்தால் என்னைக் கோபிக்க வேண்டாம். மனேஜர் கதிரையின் வாசனை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், பாண் ரொட்டியை மட்டும் தின்று காலம் கடத்த வேண்டாம்.

உங்கள் அன்பு
நிருஷா


கல்லடி
12.08.2009

அன்பின் மச்சானுக்கு,

மாமாங்கத் தீர்த்தம் ஆடிவிட்டு உங்கள் பெயரிலும் ஒரு முழுக்குப் போட்டேன். நீங்களும் சுகம், நாங்களும் சுகம் என்று அதிலேயே முடிந்துவிட்டது. இனி விசயத்துக்கு வருகிறேன், அது அவ்வளவு சுகமில்லை.

கருவாடு வந்ததும் ஹாஜியார் சிரித்தார் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதே லொறியில் பிஸ்கட்டும் தேயிலையும் ஏற்றி அனுப்பினீர்களே, அதைத் திறந்தபோது அவர் இங்கே நின்றிருக்க வேண்டும். லொறியைக் கழுவியது கொழும்பு ஆட்கள் என்றால், அவர்கள் தண்ணீரைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்லடிக் கடைக்காரர் எல்லோரும் கருவாடு மணக்கிறதென்று பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்து ஸ்டோர் வாசலில் அடுக்கிவிட்டார்கள். நானும் அந்தத் தேயிலையில் ஒரு தேத்தண்ணி போட்டுப் பார்த்தேன். குடித்ததும் சோறு கேட்டது.

பிழை என்னுடையது. போகும் சாமானை மட்டும் பார்த்தேன், அதன் பின்னால் என்ன வரும் என்று நினைக்கவில்லை. மாவும் தேயிலையும் ஏறும் லொறியில் அவற்றோடு ஒத்துப்போகும் சாமான்தான் ஏற வேண்டும். அரிசி, கஜுக் கொட்டை, சாரன், தென்னந்தும்பு. இதைக் காத்தான்குடி றஸீனா தாத்தாவிடம் சொன்னேன். நெசவாளர்களிடம் உடுக்கிற சாரன் வாங்கிக் கொழும்புக்கு விற்கிற அக்கா அவர். சிரித்துவிட்டுச் சொன்னார்:

“புள்ள, என்னிட்ட பத்துக் கட்டுச் சாரன் இரிக்கி. கஜுக்காரன்ட கொஞ்சச் சாக்கு இரிக்கி. முழு லொறிக்கு ஒருத்தர்ட்டயும் சாமான் இல்ல. லொறி எப்ப வரும், எப்ப போகும் எண்டும் ஒருத்தருக்கும் தெரியா. நாங்க எத நம்பிக் கட்டி வெக்கிற?”

அதுதான் நோய். இரண்டு தரம் லொறியை மறித்து வைத்து வீடு வீடாகச் சாமான் சேர்த்தேன். சேர்ந்த கூலியை லொறி நின்ற நாட்களுக்கான காசு தின்றுவிட்டது. ஆகவே எனக்கு ஒரு யோசனை. வாரத்தில் ஒரு நாள் லொறி புறப்படும். நிறைந்தாலும் போகும், நிறையாவிட்டாலும் போகும். காத்தான்குடியில் தொடங்கி, கல்லடியில் ஏற்றி, பாலம் தாண்டி, தன்னாமுனையில் அரிசி ஏற்றிக்கொண்டு நேரே கொழும்பு. அவரவரிடம் இருப்பது இரண்டு சாக்கென்றாலும் கொண்டுவரலாம். லொறி பஸ் மாதிரி ஓட வேண்டும் மச்சான். பஸ் ஒருவருக்காகவும் நிற்பதில்லை, அதனால்தான் எல்லோரும் பஸ்ஸுக்கு வருகிறோம்.

எந்த நாள் என்று தீர்மானிக்க எல்லோரையும் ஸ்டோருக்குக் கூப்பிட்டேன். தன்னாமுனை அரிசி ஆலை வினாயகமூர்த்தி அண்ணனும் வந்தார். வெள்ளி என்றேன். ஜும்ஆ என்றார் றஸீனா தாத்தா. செவ்வாய் என்றேன். அது நல்ல காரியத்துக்கு ஆகாத நாள் என்றார் வினாயகமூர்த்தி அண்ணன். அப்படியென்றால் திங்கள் என்றேன். திங்கள் ஏற்றினாலும் கொழும்பில் இறங்குவது செவ்வாய்தானே என்றார் அவர். வியாழன் ஏற்றினால் இறக்கும் நேரம் ஜும்ஆ வந்துவிடும். சனி ஏற்றினால் ஞாயிறு அங்கே கடை பூட்டு. ஞாயிறு ஏற்ற இங்கே கூலியாள் வர மாட்டார். புதன் ஒன்றுதான் யாருக்கும் வேண்டாத நாளாக மிஞ்சியது. எடுத்துக்கொண்டோம்.

நோன்பு முடிந்து பெருநாளுக்குப் பிறகு தொடங்கலாம். ஹாஜியாரிடம் கேட்டு எழுதுங்கள். கடையில் தலைமயிர் வெட்டிக்கொள்ளுங்கள், போன முறை வந்தபோது பிள்ளை பயந்தாள்.

உங்கள்
நிருஷா


கொழும்பு
21.09.2009

அன்பு நிருஷா,

சுகம். மயிரும் வெட்டியாயிற்று. கம்சாயினிக்கு ஒரு தொப்பி அனுப்புகிறேன், அளவு பிழைத்தால் நீ போட்டுக்கொள்.

ஹாஜியார் முதலில் எழும்பி நின்றுவிட்டார். நிறையாத லொறியை அனுப்புவதா என்று மேசையில் தட்டினார். நான் வேறு பக்கத்தால் பேசினேன். இதுவரை நாம் தேவைக்கு லொறி பிடிக்கிறோம். ஒவ்வொரு முறையும் புது விலை. நெல் வெட்டுத் தொடங்கினால் லொறிக்காரன் கேட்டதுதான் கூலி. வாரத்தில் ஒரு ஓட்டம் நிச்சயம் என்று ஒரு வருடத்துக்குப் பேசினால், வேலை குறைந்த இந்தக் காலத்து விலையிலேயே ஒப்புக்கொள்வான். அவனுக்கும் அடுத்த வாரம் ஓட்டம் இருக்கிறதா என்ற கவலை இல்லை. இப்படிச் சொன்னதும் கதிரையில் இருந்துவிட்டார். லொறிக்காரனோடு ஒரு கிழமை இழுபறிப்பட்டு ஒரு வருடத்துக்கு விலையைக் கட்டிவிட்டேன்.

ஆனால் ஹாஜியார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அரை லொறி ஒண்டு இஞ்ச வந்து நிண்டா, ஆர் அனுப்பினதெண்டு நான் கேப்பன்.”

ஆகவே நிறைத்து அனுப்பு. கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை என்று உன் காதில் மட்டும் சொல்கிறேன். றஸீனா தாத்தாவுக்கு என் பெருநாள் வாழ்த்தைச் சொல்.

உன்
உதயரூபன்


கல்லடி
15.10.2009

அன்பின் மச்சானுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டிக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன், இருந்துகொண்டு வாசியுங்கள்.

முதல் இரண்டு புதனும் பரவாயில்லை. நேற்று மூன்றாவது. காத்தான்குடியிலும் கல்லடியிலும் ஏற்றியது பாதிக்குக் கிட்ட. மிச்சத்துக்கு வினாயகமூர்த்தி அண்ணன் அரிசி தருவதாகச் சொல்லியிருந்தார். நானும் லொறியின் முன்பக்கம் ஏறித் தன்னாமுனைக்குப் போனேன். ஆலையில் மெசின் பட்டி அறுந்து கிடக்கிறது. அரிசி பாதி நெல்லாக நிற்கிறது.

“தங்கச்சி, நாளைக்கு விடியக் குத்தித் தாறன். ஒரு ராத்திரி லொறிய நிப்பாட்டுங்கவன். முழு லொறியும் நான் நிறைச்சித் தாறன்.”

மச்சான், நான் நிறுத்தத்தான் நினைத்தேன். உங்களையும் ஹம்பாந்தோட்டையையும் நினைத்துக்கொண்டு ஆலை முற்றத்தில் நின்றேன். அதற்குள் பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிவிட்டது. தன்னாமுனையை விட்டு லொறி எடுக்கும் நேரம் அதுதான் என்று நாமே சொன்னது. உசனார் காக்கா ஸ்ரேரிங்கில் கை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். றஸீனா தாத்தாவின் கட்டுகள் உள்ளே இருக்கின்றன. நாளைக்குக் கொழும்பில் இறங்கும் என்று அவர் வாங்குபவனுக்குச் சொல்லியிருக்கிறார். கையில் ஆயிரம் மூட்டை வைத்திருப்பவருக்காக லொறி நின்றால், பத்துக் கட்டு வைத்திருப்பவர் அடுத்த புதன் வர மாட்டார். பிறகு பத்துக் கட்டும் இல்லை, ஆயிரம் மூட்டையும் இல்லை.

“எடுங்க காக்கா” என்றேன்.

வினாயகமூர்த்தி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் வர வேண்டும் என்று இவ்வளவும் செய்துவிட்டு, நீங்கள் வரும் வழியை நானே அடைத்துவிட்டேனோ தெரியாது. லொறி இதை எழுதும் நேரம் உங்களிடம் வந்திருக்கும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். என்னைத் திட்டுவதென்றால் நல்ல எழுத்தில் திட்டுங்கள்.

உங்கள்
நிருஷா


கல்லடி
04.11.2009

அன்பின் மச்சானுக்கு,

சுகமா? உண்மையாகவே கேட்கிறேன்.

இரண்டு தரம் லொறி வந்தது, கடிதம் வரவில்லை. போனில் “எல்லாம் நல்லம், பிறகு சொல்றன்” என்கிறீர்கள். உங்கள் “பிறகு சொல்றன்” எனக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு லொறியைத் தேடிப் போய்விட்டு வந்தபோதும் அதைத்தான் சொன்னீர்கள். உசனார் காக்காவைக் கேட்டால் வானத்தைப் பார்த்து மழை வருமென்கிறார்.

இங்கே செய்தி நல்லது. லொறி சொன்ன நேரத்துக்கு அரை வயிற்றோடு போன கதை காத்தான்குடி முழுக்கப் பரவிவிட்டது. போன புதன் புதிதாக ஏழெட்டுப் பேர் சாமான் கொண்டுவந்தார்கள். தும்பு, துடைப்பம், கஜு, பழைய இரும்பு. பாலத்தில் ஏறும்போது லொறி முக்கியது. வினாயகமூர்த்தி அண்ணன் மட்டும் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

கோபம் என்றால் கோபம் என்று எழுதுங்கள். வேலை போய்விட்டது என்றாலும் எழுதுங்கள். சும்மா இருப்பதுதான் எனக்குத் தாங்க முடியாது.

நிருஷா


கொழும்பு
10.11.2009

அன்பு நிருஷா,

நான் நல்ல சுகம், வேலையும் நல்ல சுகம். கடிதம் எழுதாததற்கு என் காதை நானே திருகிக்கொள்கிறேன்.

அந்த வியாழன் ஹாஜியார் லொறியை மூடிய படங்கை விலக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஆர் அனுப்பினது என்று கேட்டார். நான் ஒரு பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. பேசாத முதலாளியைப் பற்றி உனக்கு என்ன எழுதுவது? சத்தம் போட்டிருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன். மூன்று கிழமைக்கு மேல் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் தாடியைத் தடவிக்கொண்டு போனார். நேற்றுத்தான் வாய் திறந்து, “புதன் லொறி இப்ப நல்லா வருது” என்றார்.

என்ன பதில் சொன்னேன் என்று கேட்பாய். நேரில் வரும்போது சொல்கிறேன். உன்னோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆலை முற்றத்தில் நான் நின்றிருந்தால் லொறியை மறித்திருப்பேன், அது பெரிய பிழையாகப் போயிருக்கும். மழைக்காலம், ஸ்டோர் கூரையைப் பார்த்துக்கொள். மாவில் தண்ணீர் படக்கூடாது, உன் மேலும் படக்கூடாது.

உன்
உதயரூபன்


கல்லடி
27.01.2010

அன்பின் மச்சானுக்கு,

பொங்கலுக்கு நீங்கள் வந்து போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. மற்றப்படி சுகம்.

எழுத நேரமே இல்லை, ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியாது. வெட்டுத் தொடங்கிவிட்டது. வயல் வட்டை வட்டையாக நெல் வருகிறது. வெளி லொறிக்காரர் கூலியை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். நம் லொறிக்கு நீங்கள் ஒரு வருடத்துக்குக் கட்டிய விலை. ஆலைக்காரர் எல்லோரும் ஸ்டோர் வாசலில் நிற்கிறார்கள். வினாயகமூர்த்தி அண்ணன் செவ்வாய்க்கிழமை பின்னேரமே நெல்லைக் குத்தி ஆலை முற்றத்தில் மூட்டைகளை அடுக்கிவிட்டு, தானே கதிரை போட்டு அதன் பக்கத்தில் இருக்கிறார்.

“செவ்வாய் நல்ல காரியத்துக்கு ஆகாதே அண்ணன்?” என்று கேட்டேன்.

“அடுக்குறதுக்கு ஆகும் தங்கச்சி” என்றார். ஐப்பசிக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் சொல் இதுதான். தேத்தண்ணியும் தந்தார்.

இரண்டாவது லொறி அனுப்புங்கள். தை முடியப் போகிறது, ஹாஜியார் என்ன சொல்கிறார்? மனேஜர் ஐயாவின் கந்தோருக்குச் சுவரில் என்ன நிறம் அடிக்கலாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

உங்கள்
நிருஷா


கொழும்பு
16.02.2010

அன்பு நிருஷா,

மிக மிகச் சுகம். நீ கதிரையில் இருந்துகொண்டு வாசி.

ஹாஜியார் கணக்குப் பார்த்தார். பாதி என்று கேட்டவருக்குப் பாதிக்கு மேலேயே கிடைத்திருக்கிறது. மட்டக்களப்புக் கிளை பங்குனியில் திறக்கிறது. இரண்டு லொறி. புதன்தோறும் அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ஒன்று. மனேஜர் நீ.

நான் பிழையாக எழுதவில்லை. அரை லொறி வந்த அன்றைக்கு ஆர் அனுப்பினது என்று கேட்டாரே. “அங்க பொறுப்பா நிக்கிறவ அனுப்பினவ. அவ செஞ்சது சரி ஹாஜியார், அடுத்த மாசம் பாருங்க” என்றேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நேற்று எல்லோரையும் வைத்துச் சொன்னார்: “லொறி நிறைக்க ஆள் எடுக்கலாம். நிறையாத லொறிய நேரத்துக்கு அனுப்பத் துணிஞ்ச ஆளத்தான் நான் தேடின.”

உனக்கு நல்ல மேசை ஒன்று இங்கிருந்தே அனுப்புகிறேன். இழுக்கிற லாச்சிக்குப் பூட்டு இருக்கிறது. சுழலும் கதிரை வேண்டுமா, சாதாரணக் கதிரை வேண்டுமா என்று எழுது. காற்றாடி ஒன்று கட்டாயம் வேண்டும், கல்லடி வெயில் பொல்லாதது. பெயர்ப் பலகைக்கு நீலம் நல்லாயிருக்கும். கிளைக்கென்று தனிப் போன் வரும். உன் சம்பளத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய், அதை நேரில் சொல்கிறேன். நீ படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த காலத்தை நினைத்துப் பார்த்தேன். எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கிறது.

கம்சாயினிக்கு என் முத்தம்.

உன்
உதயரூபன்


கல்லடி
24.02.2010

அன்பின் மச்சானுக்கு,

சுகம், அடுத்த வரியிலிருந்து சண்டை.

உங்கள் கடிதத்தில் மேசை இருக்கிறது, லாச்சி இருக்கிறது, பூட்டு இருக்கிறது, காற்றாடி சுழல்கிறது. நீங்கள் எங்கே என்று ஒரு வரியும் இல்லை. தேடித் தேடி வாசித்தேன். பிறகு உசனார் காக்காவைப் பிடித்தேன்.

“உதயன் தம்பி கொழும்புலதான் நிப்பாராம். அங்க லொறி புடிக்க ஆள் வேணுமெல்லா. உங்கள்ட்ட சொல்ல வேணாம் எண்டவர். நான் சொல்லல்ல, சரியா?”

சொல்லவில்லை, சரி.

இவ்வளவு நாளும் நான் பொல்லுத்தடியைப் பிடித்துக்கொண்டு மூட்டை எண்ணியது மேசைக்காகவா? ஹாஜியார் என்னை மதித்ததற்குச் சந்தோசம்தான், பொய் சொல்ல மாட்டேன். கடிதத்தைக் கண்டு கொஞ்ச நேரம் நிலத்தில் கால் படவில்லை. பிறகு நீங்கள் வரவில்லை என்று விளங்கியதும் குசினி அடுப்படிக்குப் போய் அழுதேன். இரண்டும் ஒரே பின்னேரத்தில் நடந்தது.

அழுது முடித்து ஹாஜியாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். உங்களுக்குத் தெரியாமல் எழுதியதாக இருக்கக்கூடாது என்று சொல்கிறேன். புருசன், பெண்சாதி என்ற பேச்சே அதில் இல்லை. இவ்வளவுதான் எழுதினேன்: முன்பு முழு லொறி கொழும்பிலிருந்து வந்தது, இங்கிருந்து போனது மிச்ச இடத்தை நிரப்பும் சாமான். இப்போது முழு லொறி இங்கிருந்து போகிறது, கொழும்பிலிருந்துதான் இடம் மிஞ்சி வருகிறது. பாரமான சாமான் எங்கே ஏறுகிறதோ அங்கேதான் லொறிக்காரனோடு விலை பேச வேண்டும். ஆலை முற்றத்தில் எத்தனை மூட்டை நிற்கிறது, அடுத்த வட்டை எப்போது வெட்டு என்று தெரியாதவன் கொழும்பில் இருந்து லொறி பிடித்தால், ஒன்று லொறி கூடும், ஒன்று மூட்டை கூடும். இரண்டுக்கும் கம்பனிதான் காசு கட்டும். ஆகவே லொறி பிடிக்கும் மேசை மட்டக்களப்புக்கு வர வேண்டும். அந்த மேசையில் இருக்க, இங்குள்ள ஆலைகளையும் கொழும்பு லொறிக்காரர்களையும் தெரிந்த ஒருவர் வேண்டும்.

யார் என்று பெயர் எழுதவில்லை. ஹாஜியாருக்குக் கணக்கு நல்லா வரும்.

பதில் வரும்வரை மனேஜர் வேலைக்கு நான் ஓம் என்று சொல்ல மாட்டேன். நீங்களும் இனிமேல் எதையும் மறைத்து எழுத வேண்டாம். உங்களுக்கு அது சரியாக வருவதில்லை.

நிருஷா


கொழும்பு
12.03.2010

அன்பு நிருஷா,

சுகம் விசாரிக்கும் பொறுமை இன்றைக்கு எனக்கு இல்லை. மன்னித்துக்கொள்.

ஹாஜியார் உன் கடிதத்தைத் தானே வைத்து இரண்டு கிழமை வாசித்தார். இன்று காலை கந்தோரில் எல்லோரும் கேட்க உரத்து வாசித்தார். “ஆலை முற்றத்தில்” என்ற இடத்தில் நிறுத்தி, “இது மெய்” என்றார். வாசித்து முடித்து என்னைப் பார்த்தார்.

“லொறி புடிக்கிற மேசை மட்டக்களப்புக்குப் போகுது. அங்க மனேஜர் உன்ட பொண்டாட்டி. நீ அவவுக்குக் கீழ வேலை செய்ற. ஏலுமா?”

கந்தோர் முழுக்க என் வாயைப் பார்த்தது.

“இவ்வளவு நாளும் தூரத்துல இருந்து செஞ்சன் ஹாஜியார். இனிப் பக்கத்துல இருந்து செய்றன்.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தேத்தண்ணிப் பையன் கோப்பையை வைத்துவிட்டுப் பார்த்தான். சம்பளம் கொஞ்சம் குறையும் என்றார். குறையட்டும். கடைச் சாப்பாட்டுக் காசு மிச்சம்.

அன்றைக்கு நான் ஏன் மறைத்தேன் என்றால், உன் சந்தோசத்துக்குள் என் கவலையைக் கொண்டுவந்து வைக்க மனமில்லை. அது பிழையென்று இப்போது தெரிகிறது. வருகிற புதன் இங்கிருந்து புறப்படும் லொறியில் நானும் ஏறுகிறேன். வியாழன் விடியக் கல்லடியில் இறங்குவேன். பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன்.

உன்
உதயரூபன்


கல்லடி
17.03.2010, புதன்

அன்பின் மச்சானுக்கு,

நாங்கள் சுகம். லொறிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், நான் ஸ்டோர் வாசலில் சாக்கின் மேல் இருந்து எழுதுகிறேன். றஸீனா தாத்தா நாளைக்குப் பகல் சாப்பாடு தன் வீட்டிலிருந்து வரும் என்று சொல்லிவிட்டார், மறுத்தால் இனிச் சாரன் தரமாட்டாராம். வெளி லொறிக்காரர் இரண்டு பேர் உங்களோடு விலை பேச இப்போதே வந்து இருக்கிறார்கள். நாளை மறுநாள் வரச் சொன்னேன். அவர் வீட்டில் ஒரு நாளாவது இருக்கட்டும், பிறகு பேசுவோம் என்றேன்.

கொழும்பு நிலவரம் எப்படி? வரும் வாரம் மா எத்தனை மூட்டை அனுப்புகிறீர்கள்? தேயிலைப் பெட்டிகளை

இவ்வளவு எழுதியதும் உசனார் காக்கா வந்து கையை நீட்டினார். “தாங்க தங்கச்சி, கடிதத்தை. நேரமாகுது.” நானும் மடித்து நீட்டினேன். அவர் வாங்காமல் சிரித்துக்கொண்டு நின்றார். “அங்க ஆர்ட்ட குடுக்கிற?” என்றார்.

அப்போதுதான் எனக்கு ஏறியது. இதைக் கொண்டு அவர் கொழும்புக்குப் போய்ச் சேரும்போது அங்கே வாங்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். இன்றிரவு எங்கேயோ ஒரு வழியில் உசனார் காக்காவின் லொறியும் நீங்கள் வரும் லொறியும் ஒன்றையொன்று கடந்து போகும். எதிரே போகும் லொறியில் இந்த முறை உங்களுக்குக் கடிதம் இல்லை.

லொறி போய்விட்டது. கடிதம் என் கையில் இருக்கிறது. நாளைக்கு நீங்கள் வந்து முகம் கழுவியதும் வாசிக்கத் தருகிறேன். பதில் எழுத வேண்டாம்.

உங்கள்
நிருஷா